தையல் மோட்டாரைக் கழற்றச் சொன்னவன்

வீட்டில் ரேடியோவில் இரைச்சல் வந்தால் முதலில் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். ரேடியோவை பேட்டரியில் ஓடவிட்டு, நம் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துப் பார்க்க வேண்டும். இரைச்சல் அடங்கினால் குற்றவாளி நம் வீட்டுக்குள்தான். அடங்காவிட்டால்தான் வெளியே தேட வேண்டும். ஹாம் ரேடியோ, அதாவது லைசென்ஸ் வாங்கி வானலையில் ஒருவரோடொருவர் பேசும் ரேடியோ, வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த பாலபாடம் இது. வானலையில் என்னிடம் யோசனை கேட்ட எத்தனையோ பேருக்கு நானே இதை உபதேசித்திருக்கிறேன். என் வீட்டில் நான் அதைச் செய்யவில்லை. செய்யாததற்கு ஒரு காரணம் வைத்திருந்தேன். அந்தக் காரணத்தை நினைத்தால் இன்றைக்கும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கேரளத்தில் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே ஒரு கிராமத்தில் இருக்கிறேன். தமிழ் மீடியம் வகுப்புகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற கையோடு ஹாம் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, பழைய ரேடியோ ஒன்றை வாங்கி, வீட்டின் கிழக்கு அறையில் வைத்தேன். பின்பக்கத்து அயனி மரத்திலிருந்து கேட்டுக்குப் பக்கத்துத் தென்னை வரை ஒரு செம்புக் கம்பி. அதுதான் ஏரியல். காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஏழிலிருந்து எட்டு வரை. மறுமுனையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் என்னைப் போலவே ஓய்வு பெற்றவர்கள். பேசுவது ஏரியல் எத்தனை அடி உயரம், மழை உண்டா, சர்க்கரை எவ்வளவு இருக்கிறது, இவ்வளவுதான். உலகத்தைக் காப்பாற்றும் பேச்சு எதுவும் கிடையாது. இதை முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் சொல்ல வேண்டிய இடத்தில் நான் சொல்லவில்லை.

ஒரு ஓணம் முடிந்த சமயம் இரைச்சல் தொடங்கியது. பொழுது சாய்ந்தால் போதும், ரேடியோவின் முன்பக்கத்தில் இருக்கும் முள் பாதிக்கு மேல் ஏறி அங்கேயே நிற்கும். காதில் ஓயாத ஒரு 'உர்ர்ர்'. பேசுகிற ஆள் அதற்குப் பின்னால் எங்கோ முனகுவது போல் கேட்கும். 'என்ன சொன்னீங்க, திரும்பச் சொல்லுங்க' என்று நான் கேட்டுக் கேட்டு, இரண்டு பேர் எனக்குக் காது மந்தம் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். அந்தக் கோபம் வேறு.

அந்த உறுமலுக்கு மேலே இன்னொரு சத்தமும் வந்தது. 'கர்ர்ர்' என்று ஓடும், நிற்கும், திரும்ப ஓடும். அது என்னவென்று கண்டுபிடிக்கப் பெரிய அறிவு தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு பெண் தையல் மெஷின் வைத்திருந்தாள். காட்டாக்கடையில் ஒரு துணிக்கடைக்காரர் வெட்டிய சீருடைத் துணியை மூட்டையாகக் கொடுப்பார். அதைத் தைத்துக் கொடுப்பாள். புருஷன் அம்பூரியில் ரப்பர் பால் வெட்டுகிறவன், சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவான். மெஷினில் சின்ன மோட்டார் ஒன்று மாட்டியிருந்தாள். அந்த மாதிரி மோட்டாரில் தீப்பொறி பறக்கும். பறக்கும் ஒவ்வொரு பொறியும் ரேடியோவில் கேட்கும். அவள் ஒரு மடிப்பைத் தைத்து நிறுத்தி, துணியைத் திருப்பி, அடுத்த மடிப்பைத் தொடங்குவது வரை என்னால் காதாலேயே சொல்ல முடிந்தது.

ஆக, இரண்டு இரைச்சல்கள். தையல் மோட்டார் ஒன்று. நிற்காத உறுமல் இன்னொன்று. நான் இரண்டையும் ஒரே வீட்டின் தலையில் கட்டினேன்.

அதற்கு நான் வைத்திருந்த காரணம் இதுதான். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. கரண்ட் போனால் எங்கள் வீட்டு விளக்கு, ஃபேன், ரேடியோ எல்லாம் இன்வெர்ட்டரில் ஓடும். பக்கத்து வீட்டில் இன்வெர்ட்டர் கிடையாது. ஒரு மாலையில் கரண்ட் போனது. எங்கள் வீட்டில் எல்லாம் எரிகிறது, ஆனால் உறுமல் சட்டென்று நின்றுவிட்டது. கரண்ட் வந்ததும் உறுமலும் வந்தது. இன்னொரு நாளும் அப்படியே. என் வீட்டில் எதுவும் அணையவில்லை, உறுமல் அணைந்தது. எனவே உறுமல் என் வீட்டில் இல்லை. கரும்பலகையில் எழுதிக் கீழே கோடு போட்டது போல இருந்தது எனக்கு. மெயினை அணைத்துப் பார்ப்பதற்கு இனி என்ன தேவை?

இதற்கு மேல் ஒரு சாட்சியும் கிடைத்தது. இரைச்சல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்க்க ஒரு சின்ன டிரான்சிஸ்டர் போதும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு மெல்லத் திருப்பிக்கொண்டே நடந்தால், கிட்டே போகப் போகச் சத்தம் கூடும். ஒரு நாள் இருட்டியதும் நான் நடந்தேன். வீட்டின் மற்ற மூலைகளில் லேசாகத்தான் இருந்தது. கிழக்கு மதிலுக்குப் பக்கத்தில் போனதும் டிரான்சிஸ்டர் அலறியது. மதிலுக்கு அந்தப் பக்கம் அவளுடைய தையல் அறை.

அவள் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். டிரான்சிஸ்டரை மதிலோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்னைப் பார்த்து, என்ன சாரே என்று கேட்டாள். எங்கள் பக்கம் படிப்பிக்கிறவன் செத்தாலும் சார்தான். நான் வகுப்பெடுக்கும் குரலில் விளக்கினேன். அவளுடைய மோட்டாரால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, அதைக் கழற்றிவிட்டு முன்பு போல் காலால் மிதித்துத் தைத்தால் நன்றாக இருக்கும் என்றேன். அந்த மோட்டாரின் இரைச்சலை அடக்க அதன் வயரில் ஒரு சின்ன கப்பாசிட்டர் வைத்தாலே போதும். ஒரு மணி நேர வேலை. அது எனக்குத் தெரியும். அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சால்டர் பிடித்து ஈயம் பற்றவைக்க எனக்குச் சோம்பலாக இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள் என்ற வாத்தியார்த் திமிரும் இருந்தது.

அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. மூட்டை மூட்டையாகத் துணி கிடப்பதைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்:

"சாரே, சாருக்க ரேடியோவுல கடல்ல போற போட்டுக்காரங்க பேசுறது கேக்குமா?"

அவள் பிறந்த வீடு கடலோரத்துக் கோட்டுகாலில். சில வருஷத்துக்கு முன்னால் வந்த புயலில் கடலுக்குப் போன அவளுடைய அண்ணன் திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. தம்பி இப்போதும் விழிஞ்ஞத்திலிருந்து படகில் போகிறான், எஞ்சின் பார்க்கிறவனாக. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். துக்கம் கேட்கப் போனவன் நான்.

படகில் இருக்கும் வயர்லெஸ் வேறு, என் ரேடியோ வேறு. அது பேசும் அலைவரிசை என் பெட்டியில் கிடையவே கிடையாது. கேக்காது என்று ஒரு சொல்லில் முடிந்திருக்கும். ஆனால், சர்க்கரை வியாதிக்காரர்கள் நாலு பேர் நலம் விசாரிப்பதற்காக இவள் மோட்டாரைக் கழற்ற மாட்டாள் என்பதும் எனக்குத் தெரிந்தது. கடலுக்காக என்றால் கழற்றுவாள்.

"அவசியம் வந்தா உண்டு" என்றேன்.

மறுநாளே மோட்டாரைக் கழற்றித் துணி சுற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். தினம் கழற்றி மாட்ட முடியாது, கிடக்கட்டும் என்று என் மனைவியிடம் சொன்னாளாம். அன்றிலிருந்து மதிலுக்கு அந்தப் பக்கம் மிதிப்பலகையின் சத்தம்தான்.

'கர்ர்ர்' போய்விட்டது. உறுமல் போகவில்லை.

இந்த இடத்திலாவது நான் யோசித்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? அவள் வீட்டில் இன்னும் ஏதோ இருக்கிறது என்றேன். டியூப்லைட்டாக இருக்கும் என்றேன். ஒரு மாலையில் அவளை மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லிவிட்டு ரேடியோவின் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவள் வீடு இருட்டானது. முள் அசையவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கையில் மொபைல் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மதிலோரம் நின்று, என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் கொடுக்கும்போது பிள்ளைகள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

குறைஞ்சிருக்கு என்று கத்தினேன்.

அது பொய். முழுப் பொய் என்று அன்றைக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. முள் கொஞ்சம் ஆடத்தானே செய்கிறது, ஆடும்போது இறங்கியதாகவும் வைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். எல்லாம் பக்கத்து வீட்டு இரைச்சல் என்று வானலையில் அளந்துவிட்ட பிறகு, இல்லை, தப்பு என்னுடையது என்று திரும்பி வர வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் கேட்காமலேயே ஒன்று நடந்தது. தினமும் மாலை ஏழு மணிக்கு அவள் வீடு இருட்டாகும். எட்டு மணிக்குத் திரும்ப வெளிச்சம் வரும். அந்த ஒரு மணி நேரம் சார்ஜ் விளக்கு ஒன்றை மெஷின் பக்கத்தில் வைத்து, மிதித்துத் தைத்தாள். எனக்காக அணைக்கிறாள் என்று புரிய எனக்கு இரண்டு நாள்கூட ஆகவில்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஏழு மாதம் ஆனது. என் மனைவி ஒருமுறை, பாவம், இருட்டில் கிடந்து தைக்கிறாள், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கேட்டாள். சொல்கிறேன் என்றேன். உறுமல் குறையாதபோதும் ஒரு வீடே எனக்காக விளக்கணைக்கிறது என்பது எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் உண்மை அதுதான்.

துலாமாசத்து ஐப்பசி மழையில் ஒருநாள் காற்று எச்சரிக்கை வந்தது. கடலில் இருப்பவர்கள் உடனே கரைக்குத் திரும்ப வேண்டும் என்று டி.வி.யில் சாயங்காலம் முழுக்க எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய தம்பி ஏறிய படகு போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. அவனுடைய போன் கிடைக்கவில்லை. தம்பியின் மனைவி இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு விழிஞ்ஞத்துக் கரையில் போய் நின்றிருந்தாள். அங்கே நிற்கிற பெண்களோடு விடிய விடிய நிற்பதாகச் சொல்லியிருந்தாள்.

ஏழு மணி சுமாருக்கு பக்கத்து வீட்டுக்காரி எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். தலை நனைந்திருந்தது. அதுவரை என் ரேடியோ அறைக்குள் அவள் கால் வைத்ததில்லை. "ஒண்ணு கேட்டுப் பாருங்க சாரே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நான் அவளை நாற்காலியில் உட்கார வைத்தேன். ஹெட்போனை மாட்டினேன். உறுமல் எப்போதும் போல் பாதிக்கு மேல் நின்றது. வேறு ஒன்றும் இல்லை. இருக்கவும் முடியாது. ஆனாலும் நான் டயலைத் திருப்பினேன். நெஞ்சுக்குழாயை வைத்துப் பார்க்கும் டாக்டர் போல முகத்தை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, இடையில் ஒரு கையை உயர்த்திப் பேசாமல் இருக்கச் சொல்லி, கால் மணி நேரத்துக்கு மேல் திருப்பினேன். அவள் மூச்சுக்கூடச் சத்தமில்லாமல் விட்டாள்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். அவளைத் தேற்ற என்றுதான் அன்று நினைத்தேன். தேற்றுவதற்கு அந்த நாடகம் தேவையில்லை. நான் காப்பாற்றியது என் 'அவசியம் வந்தா உண்டு' என்ற சொல்லை.

"எல்லாம் கரைப் பக்கம் வந்துட்டு இருக்கு. பயப்படாண்டாம்" என்றேன் ஹெட்போனைக் கழற்றிக்கொண்டே.

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு அந்த இடத்திலேயே தம்பி மனைவிக்குப் போன் போட்டாள். "சாரு கேட்டாரு. போட்டெல்லாம் வருதாம். நீ பிள்ளைகளக் கூட்டிட்டு வீட்டுக்குப் போ மக்கா, மழையில நிக்காண்டாம்" என்றாள். மறுமுனையில் ஏதோ தயங்கியிருக்க வேண்டும். ரேடியோவில் கேட்டதாக்கும் என்று இவள் அழுத்திச் சொன்னாள். நான் நாற்காலியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தடுக்கவில்லை.

படகு மறுநாள் காலை பத்து மணிக்குத் தேங்காய்ப்பட்டினத்தில் கரையேறியது. எஞ்சின் மக்கர் செய்ததால் தாமதம், ஆளுக்கு ஒன்றும் இல்லை. தெய்வம் என்னைக் காப்பாற்றியது என்று நினைத்தேன். படகில் இருந்தவர்களைக் காப்பாற்றியது என்று நினைக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

அந்த வாரமே ஒரு பெரிய நெய்மீன் துண்டு வந்தது. தம்பி கொடுத்துவிட்டான், சாருக்கு என்றாள். மனைவி தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தாள். நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அன்றிலிருந்து அவன் கரைக்கு வரும்போதெல்லாம் எங்களுக்கு மீன் வந்தது.

மேடமாசம், சித்திரைக் கோடையில், ஒரு மத்தியானம் இடியும் மின்னலுமாகக் கொட்டியது. ஏரியலை நான் முன்னாலேயே கழற்றி வைத்திருந்தேன். அன்று மாலை ரேடியோவைப் போட்டேன். உறுமல் இல்லை. முள் அடியில் கிடந்தது. ரேடியோ கெட்டுவிட்டது என்று பயந்து திருகிப் பார்த்தால், மதுரைப் பக்கத்திலிருந்து ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசுவது போல் கேட்டார். ஏழு மாதம் கழித்து மனிதக் குரல் மனிதக் குரலாகக் கேட்டது. பக்கத்து வீட்டில் ஏதோ ஒன்று இடியில் போய்விட்டது, நல்லதாயிற்று என்று அவரிடம் சொன்னேன். நல்லதாயிற்று என்றே சொன்னேன்.

நாலு நாள் அந்தச் சொர்க்கத்தில் இருந்தேன். ஐந்தாம் நாள் மனைவி, கேட் லைட் எரியவில்லை, இடியில் போயிருக்கும், கோவிலுக்குப் போய்விட்டு வரும்போது படி தெரியவில்லை என்றாள். நெய்யாற்றின்கரைக்குப் போய் முன்பு வாங்கிய கடையிலேயே, முன்பு வாங்கியது போலவே ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். இருட்டினால் தானே எரியும், விடிந்தால் தானே அணையும் விளக்கு. விலை மலிவு. சுவிட்ச் போட வேண்டியதில்லை என்பதால் அப்படி ஒன்று இருக்கிறது என்பதே நமக்கு மறந்துபோகும்.

அன்று மாலை கொஞ்சம் முன்னாலேயே உட்கார்ந்து ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். வெளியே வெளிச்சம் மங்கியது. ஜன்னல் வழியாக, கேட்டில் விளக்கு தானாக எரிவதைப் பார்த்தேன். அந்தக் கணமே முள் ஏறியது. 'உர்ர்ர்'.

எழுந்து போய்க் கையை விளக்கின் மேல் வைத்து மூடி மூடித் திறந்து பார்க்கவெல்லாம் இல்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். மலிவான அந்த விளக்குக்குள் இருக்கும் துண்டு சர்க்கியூட் மின்சாரத்தை விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கும். அப்படி வெட்டுவதெல்லாம் வயர் வழியாக இரைச்சலாகப் பரவும். வயர் எங்கே போகிறது? கிழக்கு மதிலோரமாக, குழாய்க்குள், என் ஏரியலுக்கு நேர் கீழே. டிரான்சிஸ்டர் அலறியது அவள் ஜன்னலைப் பார்த்து அல்ல, என் காலடியில் ஓடிய வயரைப் பார்த்து. கரண்ட் போனால் உறுமல் ஏன் நின்றது? போன ஓணத்துக்கு முதல் விளக்கை மாட்டும்போது, விடிய விடிய எரிந்து பேட்டரியைத் தின்னும், இதை மட்டும் இன்வெர்ட்டர் லைனில் கொடுக்காதே என்று எலக்ட்ரீஷியனிடம் சொன்னவன் நான்தான். என் வீட்டில் எல்லாம் எரிந்தது என்று கரும்பலகையில் எழுதிக் கோடு போட்டேனே, அந்த எல்லாவற்றில் கேட் லைட் இல்லை.

மெயினை அணைத்துப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். ஏழு மாதம் ஆகிவிட்டது.

அன்றே அந்த விளக்கைக் கழற்றிவிட்டு, சுவிட்ச் போட்டு எரியும் சாதாரண பல்பு ஒன்றை மாட்டினேன். ரேடியோ சுத்தமானது. அடுத்த நாள் ஏழு மணிக்குப் பக்கத்து வீடு வழக்கம் போல் இருட்டானது. ஹெட்போனில் இரைச்சலே இல்லாததால், மிதிப்பலகையின் 'டக்கடி டக்கடி' இப்போது தெளிவாகக் காதில் விழுந்தது. இடையிடையே நின்றது. பள்ளிக்கூடம் திறக்கப் போகும் சமயம், அவளுக்கு வருஷத்திலேயே அதிக வேலை உள்ள மாதம். முழங்கால் முட்டில் நீர் கட்டி, வைத்தியரின் தைலக் குழம்பு தேய்த்துக்கொண்டு மிதிக்கிறாள் என்று மனைவி சொல்லியிருந்தாள்.

மறுநாளே சொல்லியிருக்கலாம். பத்து நாள் எடுத்துக்கொண்டேன். அந்தப் பத்து நாளும் உண்மையைச் சொல்லாமலே அவள் மோட்டாரைத் திரும்ப மாட்ட வைப்பது எப்படி என்றுதான் யோசித்தேன். கடைசியில் ஒரு வழி கிடைத்தது. ஒரு கப்பாசிட்டரையும் சால்டரையும் எடுத்துக்கொண்டு போனேன்.

அவள் தைத்துக்கொண்டிருந்தாள். நாலு மணி இருக்கும். இடது காலை நீட்டி வைத்து, வலது காலால் மட்டும் மிதித்தாள். புதிதாக ஒரு சாமான் கிடைத்திருக்கிறது, இதை வைத்தால் மோட்டார் ஓடினாலும் எனக்கு இரைச்சல் வராது, எடு, மாட்டித் தருகிறேன் என்றேன். புதிதாகக் கிடைத்ததாம். என் மேஜை டிராயரில் பத்து வருஷமாகக் கிடந்த சாமான்.

அவள் சிரித்தாள். வேண்டாம் என்றாள்.

"அது கிடக்கட்டு சாரே. அன்னைக்குப் பொறவு நான் இத நேர்ச்சையா வச்சிருக்கேன். தம்பி கடலுக்குப் போற காலம் வர காலாலதான் தைக்குகேன். சாருக்க ரேடியோ தொறந்து கிடக்கட்டு."

நேர்ச்சை, வேண்டுதல், என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள், மாதா கோவிலுக்கு மெழுகுவர்த்தி கொடுப்பதைச் சொல்வது போல. இனி எந்தக் கப்பாசிட்டராலும் அவள் காலை அந்தப் பலகையிலிருந்து எடுக்க முடியாது என்று தெரிந்தது. நின்ற இடத்திலேயே சொன்னேன்.

"அந்த ரேடியோவுல போட்டுக்காரங்க பேசுறது கேக்காது."

"இடியில கெட்டுப்போச்சா?"

"கெடல்ல. எப்பவும் கேக்காது. போட்டுல உள்ளது வேற ரேடியோ."

அவள் கையிலிருந்த துணியைப் பார்த்தாள். நீலச் சட்டையின் ஒரு கை.

"பின்னே அன்னைக்கு சாரு கேட்டுட்டுத்தானே சொன்னது?"

"அன்னைக்கு எனக்கு ஒண்ணும் கேக்கல்ல. கேட்டது எங்க வீட்டு கேட் லைட்டுக்க இரைச்சல். உனக்க மோட்டாரும் இல்ல, லைட்டும் இல்ல. எல்லாம் எங்க வீட்டுல உள்ளதுதான்."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். அவள் மோட்டாரைப் பற்றியோ, ஏழு மாதத்தைப் பற்றியோ, காலைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. அவள் மனது அந்த மழை நாளிலேயே நின்றது.

"அவ கரையிலேயே நிக்கேன்னு சொன்னா" என்றாள். "நான் ஆக்கும் வீட்டுக்குப் போகச் சொன்னது."

அவன் திரும்பி வராமல் போயிருந்தால் என்பதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கரையில் நின்ற ஒருத்தியை, கணவனுக்காகக் காத்து நின்றவளை, நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அந்தக் குற்றத்தை இவள் இப்போது தன் கணக்கில் எடுத்துக்கொண்டாள். இல்லை, நான்தான் என்று சொல்லப் போனேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தம்பிக்கு இது தெரியாண்டாம் சாரே. ஒவ்வொரு தடவையும் நல்ல மீனா பாத்து, இது சாருக்குன்னு தனியா மாத்தி வைக்கிறவன். அவன் அறிஞ்சா மனசு கெட்டுப்போவான்."

மனைவியிடம் அன்று இரவே எல்லாவற்றையும் சொன்னேன். அவள், அந்த மீன் குழம்பை நானல்லவா வைத்துக் கொடுத்தேன் என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டில் மோட்டார் ஓடியது. நேர்ச்சைக்கு இனி அர்த்தம் இல்லை என்று அவளே மாட்டியிருக்கிறாள். கப்பாசிட்டரை நான் அங்கேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். அதை என் மனைவியிடம் கொடுத்தனுப்பிவிட்டாள். ஏழு மணிக்கு இப்போது அந்த வீடு இருட்டாவதில்லை. என் ரேடியோவில் 'கர்ர்ர்' என்று ஓடுகிறது, நிற்கிறது, ஓடுகிறது. மதுரைக்காரர், உங்கள் பக்கம் இரைச்சல் திரும்பவும் வந்துவிட்டதா, பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லக்கூடாதா என்று கேட்டார். அது இரைச்சல் இல்லை, ஒருத்தி தைக்கிறாள் என்றேன். அவர் புரியாமல் அடுத்த ஆளிடம் பேசப் போனார்.

போன சனிக்கிழமை மத்தியானம் அவளுடைய தம்பி வந்தான். எப்போதும் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போகிறவன், அன்று நேராக எங்கள் கேட்டுக்கு வந்து நின்றான். முப்பது வயதுக்காரன், வெயிலில் கறுத்த முகம். ஒரு பிளாஸ்டிக் கவரில் மீன். நான் கேட்டுக்குப் போனேன். மதிலுக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"சாரு உள்ள தைரியத்துலதான் வீட்டுல உள்ளவங்க உறங்குகாவ" என்றான், கவரை நீட்டிக்கொண்டே.

மோட்டார் நின்றது. மடிப்பு முடிந்து நிற்கும் சத்தம் எனக்குத் தெரியும். இது பாதி மடிப்பில் நின்றது. ஜன்னலில் அவள் தெரியவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. சொல்லாண்டாம் என்று அவள் கேட்ட ஒன்றே ஒன்று அது. அவன் கை நீட்டியபடியே நின்றான்.

நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து மோட்டார் திரும்ப ஓடத் தொடங்கியது.